விமானம் இறங்கும்போது குழந்தை வீறிட்டு அழுவது ஏன்? காதுவலியைத் தவிர்க்க என்ன செய்யலாம்?

சென்னையிலிருந்து சிங்கப்பூர் செல்லும் விமானம். பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வந்த பெண், நான்கு மாதக் குழந்தையுடன் கணவர் இருக்கும் ஊருக்குத் தனியாகத் திரும்புகிறார். விமானம் கிளம்பும்போது பால் குடித்த குழந்தை, மூன்று மணி நேரம் சமர்த்தாகத் தூங்குகிறது. ‘பரவாயில்லை, தப்பித்தோம்’ என்று அம்மா நிம்மதியாகும் நேரத்தில், இறங்க அரை மணி நேரம் இருக்கும்போது திடீரென்று வீறிட்டு அழ ஆரம்பிக்கிறது. தோளில் போட்டுத் தட்டினாலும் நிற்கவில்லை. முன் சீட்டில் இருப்பவர் திரும்பிப் பார்க்கிறார். பக்கத்து சீட்டுப் பாட்டி, “குழந்தைக்கு என்னாச்சும்மா, வயிறு வலியா?” என்று கேட்கிறார்.

பெரும்பாலும் வயிறு வலி இல்லை. காது.

கைக்குழந்தையுடன் விமானத்தில் போகும் பலருக்கும் நடப்பது இதுதான். ‘விமானம் ஏறும்போது பால் கொடு’ என்று எல்லோரும் சொல்லி அனுப்புகிறார்கள். ஆனால், காதுக்கு உண்மையான சோதனை ஏறும்போது அல்ல, இறங்கும்போது. அந்த நேரத்தில் குழந்தை வயிறு நிறைந்து தூங்கிக்கொண்டிருந்தால், கையில் இருக்கும் எளிய வைத்தியம் உதவாமல் போய்விடும். அது ஏன், என்னதான் செய்வது என்று பார்ப்போம்.

விமானத்துக்குள் ஒரு ஊட்டி

பயணிகள் விமானம் 35,000 அடிக்கு மேல்கூடப் பறக்கும். அந்த உயரத்தில் உள்ள மெல்லிய காற்றில் மனிதர்களால் இருக்க முடியாது. அதனால் கேபினுக்குள் காற்றை அழுத்தி நிரப்புகிறார்கள். ஆனாலும், தரையில் இருக்கும் அளவுக்கு அழுத்தம் வைப்பதில்லை. அப்படி வைத்தால் விமானத்தின் உடல் தாங்க வேண்டிய விசை மிக அதிகமாகிவிடும்.

எனவே, கேபினுக்குள் இருக்கும் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயரமுள்ள மலையில் இருப்பதற்குச் சமமாக வைக்கப்படுகிறது. வழக்கமான பறத்தலில் 8,000 அடி என்பதுதான் உச்ச வரம்பு. ஊட்டியின் உயரம் சுமார் 7,350 அடி. அதாவது, விமானத்தில் உட்கார்ந்திருப்பவர்களின் காதைப் பொறுத்தவரை அவர்கள் இருப்பது கிட்டத்தட்ட ஊட்டியில்.

ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்குப் பேருந்தில் இறங்கியவர்களுக்குத் தெரியும்: கொண்டை ஊசி வளைவுகளில் காது அடைத்துக்கொள்ளும், எச்சில் விழுங்கினால் ‘டொப்’பென்று திறக்கும். அந்த இறக்கத்துக்குப் பேருந்து இரண்டு மணி நேரம்போல எடுத்துக்கொள்கிறது. விமானக் கேபினோ அதைவிட அதிகமான அழுத்த மாற்றத்தை 20 - 30 நிமிடங்களில் முடித்துவிடுகிறது. பொதுவாக, நிமிடத்துக்கு 300 அடி இறங்குவதுபோல கேபின் அழுத்தம் மாற்றப்படும். அப்படிப் பார்த்தால், 8,000 அடியிலிருந்து கடல் மட்டத்துக்கு வர சுமார் 27 நிமிடம் ஆகும். இந்த அரை மணி நேரம்தான் குழந்தைக்குச் சிரமமான நேரம்.

காதுக்குள் என்ன நடக்கிறது?

செவிப்பறைக்குப் பின்னால் காற்று நிரம்பிய சின்ன அறை ஒன்று இருக்கிறது. அதுதான் நடுச்செவி. அந்த அறையிலிருந்து மூக்கின் பின்பகுதிக்கு ஒரு மெல்லிய குழல் செல்கிறது. 16-ம் நூற்றாண்டில் இதை விவரித்த இத்தாலிய உடற்கூறு அறிஞர் பார்த்தலோமியோ யூஸ்டாகியின் பெயரால், இது யூஸ்டேஷியன் குழல் எனப்படுகிறது. வழக்கமாக மூடியிருக்கும் இந்தக் குழல், விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் ஒரு கணம் திறக்கும். அந்தக் கணத்தில் உள்ளே இருக்கும் காற்றழுத்தமும் வெளியே இருக்கும் காற்றழுத்தமும் சமமாகிவிடும்.

விமானம் மேலே போகும்போது கேபின் அழுத்தம் குறைகிறது. நடுச்செவியில் இருக்கும் காற்று விரிந்து, குழலைத் தானே தள்ளித் திறந்துகொண்டு வெளியேறிவிடும். காது பெரிதாகச் சிரமப்படாது.

இறங்கும்போது நிலைமை தலைகீழ். வெளியே அழுத்தம் கூடுகிறது, உள்ளே குறைவாக இருக்கிறது. செவிப்பறை உள்பக்கமாக இழுக்கப்படுகிறது. குழலின் மென்மையான வாய்ப்பகுதியும் அந்த அழுத்தத்தில் ஒட்டிக்கொள்கிறது. இப்போது குழல் தானாகத் திறக்காது. தசைகள் இழுத்துத் திறக்க வேண்டும். அந்தத் தசைகள் வேலை செய்ய யாராவது விழுங்க வேண்டும் அல்லது கொட்டாவி விட வேண்டும்.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமா? விமானம் உயரத்தில் பறக்கும்போது காலி தண்ணீர் பாட்டில் ஒன்றை இறுக மூடி வையுங்கள். தரையிறங்கியதும் எடுத்துப் பார்த்தால் நசுங்கியிருக்கும். விழுங்காத காதின் நிலையும் ஏறக்குறைய அதுதான்.

பெரியவர்களைவிடக் குழந்தைக்கு ஏன் அதிகம் வலிக்கிறது?

பெரியவர்களின் யூஸ்டேஷியன் குழல் சுமார் மூன்றரை சென்டிமீட்டர் நீளம் இருக்கும். கிட்டத்தட்ட 45 டிகிரி சாய்வில் கீழ்நோக்கிச் செல்லும். பச்சிளங்குழந்தைக்கு அது ஏறக்குறைய பாதி நீளம்தான். சாய்வும் குறைவு, கிட்டத்தட்டப் படுக்கைவசமாக இருக்கும். அதைத் திறக்கும் தசைகளும் இன்னும் பலம் பெற்றிருக்காது. சளி பிடித்தால் சீக்கிரம் வீங்கி அடைத்துக்கொள்ளும். சுமார் ஏழு வயதில்தான் இந்தக் குழல் பெரியவர்களுடையதைப் போல ஆகிறது.

இன்னொன்றும் உண்டு. காது அடைத்தால் எச்சில் விழுங்க வேண்டும், மூக்கைப் பிடித்து மெல்ல ஊத வேண்டும் என்று பெரியவர்களுக்குத் தெரியும். குழந்தைக்குத் தெரியாது. அதை விழுங்க வைக்கும் பொறுப்பு அம்மா அப்பாவுடையது.

பசியை இறக்கத்துக்கு மிச்சம் வையுங்கள்

விழுங்கினால் காது திறக்கும். குழந்தையை விழுங்க வைக்கச் சுலபமான வழி பால். அவ்வளவுதான் வைத்தியம். ஆனால், நேரக் கணக்கு முக்கியம்.

சென்னை - கோவை போன்ற குறுகிய பயணத்தை எடுத்துக்கொள்வோம். ஓடுபாதையை விட்டுக் கிளம்பிச் சுமார் 35 - 40 நிமிடங்களிலேயே விமானம் இறங்க ஆரம்பித்துவிடலாம். கிளம்பும்போதே வயிறு முட்டப் பால் கொடுத்துவிட்டால், இறங்கும்போது குழந்தை வாயைத் திறக்காது. இந்த மாதிரிப் பயணத்தில் ஏறும்போது சூப்பான் அல்லது இரண்டு வாய் பால் போதும். முழுப் பாலையும் இறக்கத்துக்கு வைத்துக்கொள்வது நல்லது.

நான்கு மணி நேரப் பயணம் என்றால் ஏறும்போது ஒரு முறை, இறங்கும்போது ஒரு முறை என்று பால் நேரத்தைத் திட்டமிடலாம். அதற்காகக் குழந்தையைப் பசியில் கதற விட வேண்டாம். நடுவில் பசித்தால் கொஞ்சம் கொடுங்கள். இறக்கத்தின்போது சும்மா சப்புவதற்காகத் தாய்ப்பால் கொடுத்தால்கூடப் போதும், வயிறு நிறைய வேண்டிய அவசியமில்லை.

எப்போது ஆரம்பிக்க வேண்டும்?

பலர் செய்யும் தவறு, தரையிறங்கப் போகிறோம் என்ற கடைசி அறிவிப்புக்காகக் காத்திருப்பது. அதற்குள் காதின் மீது அழுத்தம் கூடியிருக்கும். குழல் ஒருமுறை இறுக ஒட்டிக்கொண்டால் பிறகு திறப்பது கஷ்டம். வலி வந்த குழந்தை பாலையும் தள்ளிவிடும்.

தரையிறங்குவதற்குச் சுமார் 30 நிமிடத்துக்கு முன்பு விமானம் இறங்கத் தொடங்கும். அதைக் கண்டுபிடிப்பது சிரமமில்லை. இன்ஜின் சத்தம் குறையும். விமானத்தின் மூக்கு லேசாகத் தாழும். சீட் திரையில் வரைபடம் இருந்தால் உயரம் குறைவது தெரியும். பெரியவர்களுக்கே காது அடைக்கத் தொடங்கும். எதுவும் புரியவில்லை என்றால், ‘இறங்க ஆரம்பிக்கும்போது சொல்லுங்கள், குழந்தைக்குப் பால் கொடுக்க வேண்டும்’ என்று விமானப் பணியாளரிடம் முன்கூட்டியே சொல்லி வைக்கலாம்.

பாலை ஒரே மூச்சில் குடித்து முடிக்க விட வேண்டாம். பாட்டில் பத்து நிமிடத்தில் காலியாகிவிடும். இறக்கமோ அரை மணி நேரம். கொஞ்சம் குடிக்க வைத்து, நிறுத்தி, தோளில் போட்டு ஏப்பம் விடச் செய்து, மறுபடியும் கொடுக்கலாம். தரைக்கு அருகில் வர வர காற்றழுத்தம் இன்னும் வேகமாகக் கூடும் என்பதால், கடைசிப் பத்து நிமிடத்துக்கும் கொஞ்சம் மிச்சம் இருக்கட்டும்.

தூங்கும் குழந்தையை எழுப்பலாமா?

‘தூங்குற குழந்தையை யாராவது எழுப்புவாங்களா?’ என்று தோன்றும். ஆனால், தூக்கத்தில் விழுங்குவது குறைந்துவிடும். ஏறும்போதும் இறங்கும்போதும் விழித்திருப்பது காதுக்கு நல்லது என்பது பொதுவான மருத்துவ அறிவுரை. சளி, மூக்கடைப்பு உள்ள குழந்தை என்றால் இறக்கம் தொடங்கும்போது மெதுவாக எழுப்புவது நல்லது. தொட்டிலில் படுக்க வைத்திருந்தால் சீட் பெல்ட் விளக்கு எரிந்ததும் எப்படியும் தூக்கச் சொல்வார்கள். கொஞ்சம் முன்னதாகவே தூக்கிவிட்டால் இரண்டு வேலையும் முடிந்தது.

எந்த வயதுக்கு என்ன?

ஆறு மாதம் வரை: தாய்ப்பால் அல்லது மருத்துவர் சொன்ன பால் பவுடர். இல்லையென்றால் சூப்பான். இந்த வயதில் தண்ணீர் கொடுக்கக் கூடாது. படுக்க வைத்து பாட்டில் பால் கொடுக்க வேண்டாம். தலை உயர்ந்திருக்கும்படி மடியில் சாய்த்துப் பிடித்துக் கொடுக்க வேண்டும்.

ஆறு மாதம் முதல் ஒரு வயது வரை: பாலுடன், காய்ச்சி ஆறவைத்த தண்ணீரையும் சின்னச் சின்ன மிடறாகக் கொடுக்கலாம். சூப்பானில் தேன் தடவிக் கொடுக்கும் பழக்கம் சில வீடுகளில் உண்டு. ஒரு வயது முடியும் வரை தேன் கூடவே கூடாது. அதில் இருக்கக்கூடிய கிருமியின் வித்துகள் பொட்டுலிசம் என்னும் ஆபத்தான நோயை உண்டாக்கலாம்.

ஒரு வயது முதல் மூன்று வயது வரை: ஸ்ட்ரா வைத்த கப் இந்த வயதுக்கு ரொம்ப உதவும். உறிஞ்ச உறிஞ்ச விழுங்கிக்கொண்டே இருப்பார்கள். கெட்டி மிட்டாய், வேர்க்கடலை வேண்டாம், தொண்டையில் சிக்கலாம்.

நான்கு வயதுக்கு மேல்: காது ஏன் அடைக்கிறது என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள். மென்று விழுங்கும் தின்பண்டம் கொடுக்கலாம். மூக்கைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஊதவும் பழக்கலாம். வேகமாக ஊதக் கூடாது.

எந்த வயதானாலும், கத்தி அழும் குழந்தையின் வாயில் வலுக்கட்டாயமாகப் பாலைப் புகட்டக் கூடாது. புரையேறிவிடும். முதலில் தோளில் போட்டு அமைதிப்படுத்தி, பிறகு முயலலாம்.

சீட்டில் உட்காரும் முன்

சிறு விஷயங்கள்தான். ஆனால், கடைசி நேரத்தில் இவைதான் கைகொடுக்கும்.

பால் பாட்டில், ஃபிளாஸ்க், சூப்பான் ஆகியவற்றை மேலே உள்ள பெட்டியில் வைத்துவிட்டால், சீட் பெல்ட் விளக்கு எரிந்த பிறகு எழுந்து எடுக்க முடியாது. காலடியில் இருக்கும் சின்னப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். வெந்நீர் வேண்டும் என்றால் இறக்கம் தொடங்கும் முன்பே கேட்டு வாங்கிவிட வேண்டும். பிறகு பணியாளர்களும் அவரவர் இருக்கைக்குப் போய்விடுவார்கள்.

தரையில் நிரப்பி மூடிய பாட்டிலை உயரத்தில் அப்படியே வாயில் வைத்தால், உள்ளே இருக்கும் காற்று விரிந்திருப்பதால் பால் பீய்ச்சி அடிக்கலாம். மூடியை ஒருமுறை திறந்து மூடிவிட்டுக் கொடுங்கள்.

பாதுகாப்புச் சோதனையில் 100 மில்லிலிட்டருக்கு மேல் திரவம் கூடாது என்பது சர்வதேசப் பயணங்களில் பழக்கமான விதி. குழந்தையின் பாலுக்கும் உணவுக்கும் அதில் விலக்கு உண்டு. பயணத்துக்குத் தேவையான அளவு கொண்டு போகலாம். சோதனையிடுபவரிடம் தனியாக எடுத்துக் காட்டினால் போதும்.

டிக்கெட் எடுக்கும்போது விமான வகையைத் தேர்வு செய்யும் வாய்ப்பு இருந்தால், போயிங் 787, ஏர்பஸ் ஏ350 போன்றவை நல்லது. இவற்றில் கேபின் அழுத்தம் 6,000 அடிக்குச் சமமாக வைக்கப்படுவதால், காது சமாளிக்க வேண்டிய மாற்றம் குறைவு.

பஞ்சு, எண்ணெய், சூடான கப்: இவை உதவுமா?

ஒரு காலத்தில் இந்திய விமானங்களில் கிளம்பும் முன் தட்டில் மிட்டாயும் பஞ்சும் கொண்டு வந்து கொடுப்பார்கள். மிட்டாய்க்குக் காரணம் இருந்தது, சப்பினால் எச்சில் ஊறும், விழுங்குவோம். பஞ்சு சத்தத்தைத்தான் கொஞ்சம் குறைக்கும். பிரச்சினை செவிப்பறைக்கு உள்ளே இருக்கும்போது, வெளியே பஞ்சு வைத்து எந்தப் பயனும் இல்லை. குழந்தைகளுக்கான ஹெட்போன் வகைக் காது மூடிகளும் அப்படித்தான். இரைச்சலைக் குறைக்கும், அழுத்தத்தைச் சரிசெய்யாது.

காதில் எண்ணெய் விடுவது வேண்டாம். நடுச்செவிக்கு அது போய்ச் சேரப் போவதில்லை. செவிப்பறையில் ஓட்டை இருந்தால் தொற்றுதான் வரும். கப்புக்குள் சூடான டிஷ்யூவை வைத்துக் காதில் கவிழ்க்கும் வழக்கமும் சில பயணிகளிடம் உண்டு. வெந்நீர் சொட்டினால் குழந்தையின் தோல் வெந்துவிடும். அதைத் தவிர்ப்பதே நல்லது.

சளி இருந்தால் பறக்கலாமா?

சாதாரண மூக்கு ஒழுகல் என்றால் பெரும்பாலும் பயணம் செய்யலாம். காய்ச்சல், காதைப் பிடித்துக்கொண்டு அழுவது, காதில் சீழ், சமீபத்தில் காதுத் தொற்று, காதில் அறுவை சிகிச்சை - இவற்றில் ஏதாவது இருந்தால், டிக்கெட்டைப் பார்க்காமல் முதலில் குழந்தைகள் நல மருத்துவரைப் பார்க்க வேண்டும். பயணத்தைச் சில நாள் தள்ளிப்போடச் சொல்லலாம். சில குழந்தைகளுக்குக் காதில் நீர் தேங்காமல் இருக்க குரோமெட் என்ற மிகச் சிறிய குழாய் பொருத்தியிருப்பார்கள். அவர்களுக்கு அந்தக் குழாய் வழியாகவே அழுத்தம் சமமாகிவிடுவதால், பறப்பதில் பொதுவாகப் பிரச்சினை இருக்காது.

மூக்கடைப்பு இருந்தால், மருத்துவரைக் கேட்டுக்கொண்டு உப்பு நீர் சொட்டு மருந்தை இறக்கத்துக்கு முன் மூக்கில் விடலாம். கற்பூரம், மென்தால் கலந்த தைலங்களை இரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் தடவக் கூடாது.

‘ஒரு மூடி சளி மருந்து கொடு, இறங்குற வரைக்கும் தூங்கிடும்’ என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். இது ஆபத்தான யோசனை. குளோர்பெனிரமின், பினைலெப்ரின் சேர்ந்த சளி மருந்துக் கலவையை நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று இந்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 டிசம்பரில் அறிவுறுத்தியது. மூக்கடைப்பைப் போக்கும் சூடோஎபிட்ரின் மருந்தை விமானத்தில் சிறு குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 1999-ல் அமெரிக்காவில் வெளியானது. அந்த மருந்தால் காதுவலி குறையவில்லை. தூக்கக் கலக்கம்தான் அதிகமானது. தவிர, தூங்கும் குழந்தை அதிகம் விழுங்காது. தூங்க வைக்கும் மருந்து, காதுக்கு உதவும் ஒரே வேலையையும் நிறுத்திவிடுகிறது.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்?

பெரும்பாலான குழந்தைகளுக்குத் தரையிறங்கிய கொஞ்ச நேரத்தில் எல்லாம் சரியாகிவிடும். மறுநாள் வரை அழுகை தொடர்வது, காய்ச்சல், காதிலிருந்து நீரோ ரத்தமோ வருவது, பால் குடிக்க மறுப்பது, சத்தம் கேட்டால் திரும்பாமல் இருப்பது - இவற்றில் எது இருந்தாலும் உடனே காட்ட வேண்டும். செவிப்பறை கிழிவது அரிது. அப்படி நடந்தாலும் பெரும்பாலும் சில வாரங்களில் தானாக ஆறிவிடும். ஆனால், அதை மருத்துவர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

எல்லாம் செய்தும் அழுதால்?

அழட்டும். சில நாள் பாலையும் தள்ளும், சூப்பானையும் துப்பும். அப்போதும் அம்மா தோற்றுவிட்டதாக அர்த்தம் இல்லை. அழும்போது குழந்தை வாயை அகலத் திறக்கிறது, நடுநடுவே விழுங்குகிறது. அதிலேயே குழல் திறக்க வாய்ப்பிருக்கிறது. குழந்தையை நெஞ்சோடு சேர்த்து நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக மறுபடியும் பால் கொடுத்துப் பார்க்கலாம்.

அதே விமானத்தில் இருக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வேலை உண்டு. முறைத்துப் பார்த்தால் அந்தக் காது திறக்கப் போவதில்லை. மேலே இருக்கும் பையை எடுத்துக் கொடுப்பது, கீழே விழுந்த சூப்பானை எடுத்துக் கொடுப்பது, “பரவாயில்லம்மா, இன்னும் பத்து நிமிஷம்தான்” என்று ஒரு வார்த்தை சொல்வது - தனியாகக் குழந்தையுடன் வரும் பெண்ணுக்கு அந்த அரை மணி நேரத்தில் இவையெல்லாம் பெரிய உதவி.